புள்ளிக்கு அப்புறம் நாலெழுத்து

தப்புத் தப்பாக எழுதுவதற்கென்றே ஒருத்திக்கு மேஜை நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பதினேழு வருஷமாக அவள் பார்த்த வேலை அதுதான்.

பேரை எழுது, ஈமெயில் முகவரியை எழுது என்று கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் நம்மைக் கேட்கிற படிவங்கள் இருக்கின்றனவே, அவற்றைச் செய்து கொடுக்கிற கம்பெனி அது. படிவத்தில் இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் கொஞ்சம் புத்தி கொடுத்து வைத்திருப்பார்கள். முகவரிப் பெட்டி என்றால், சுழித்துப் போட்ட அட் குறி நடுவில் இருக்கிறதா, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா, அதற்கு அப்புறம் ஒரு புள்ளி வருகிறதா, புள்ளிக்கு அப்புறம் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பார்க்கும். சரியாக இருந்தால் உள்ளே விடும். இல்லாவிட்டால் சிவப்புக் கோடு போட்டு வெளியே நிறுத்திவிடும்.

அந்தப் பெட்டியை ஏமாற்றப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். அட் குறியை இரண்டாகப் போடுவாள். புள்ளியில் ஆரம்பிப்பாள். நடுவில் இடம் விட்டு எழுதுவாள். பெட்டி ஏமாந்து உள்ளே விட்டுவிட்டால் உடனே புகார் எழுதிப் போடுவாள். பெட்டியின் புத்தியை எழுதுகிறவர் தலையைச் சுத்தமாக மழித்துக்கொண்டு வருகிற ஆள். ஆபீசில் அவருக்கு மொட்டை என்று பேர். இவளுக்குத் தப்பக்கா.

"என்ன தப்பக்கா, இன்னிக்கு எத்தனை தப்பு பிடிச்சீங்க?"

"உங்க தலையில எத்தனை முடி இருக்கோ அத்தனை."

"அப்ப நான் இன்னிக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்!"

ஒரு நாளைக்கு முந்நூறு முகவரி எழுதுவாள். முந்நூறிலும் ஒரு ஆள் குடியிருக்கமாட்டார். எழுதி எழுதிப் பழகிப்போய், வீட்டுக்கு வந்த பிறகும் விரல் மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் அதைப் பார்க்கவும் ஆள் கிடையாது. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே வேறொரு வீட்டுச் சுவர். குடிவந்த புதிதில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகு இரண்டாவது தட்டு அலமாரிக்குள் போய்விட்டது.

அவளுடைய அப்பாவும் அந்தக் காலத்தில் இதே வேலைதான் பார்த்தார் என்று சொல்லலாம். ஒரு நூற்பாலையின் வாசலில் முப்பத்திரண்டு வருஷம் காவலாளி. அட்டை காட்டாமல் ஒரு ஈ உள்ளே போகாது. முதலாளியின் மருமகனையே ஒரு தடவை வெயிலில் நிறுத்திவைத்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்குப் பெருமை. வீட்டில் இருந்தவர்களுக்கு அது வேறு மாதிரி வந்து விடிந்தது.

அவளுக்கு ஆறு வயசு மூத்த அண்ணன் ஒருவன். அதே ஆலையில் உள்ளே மெஷின் பழுதுபார்க்கிற வேலை. கைவேலையில் கெட்டிக்காரன், நேரத்துக்கு எழுந்திருப்பதில் சுத்த மோசம். இரண்டு தடவை வராமல் இருந்ததற்கு எச்சரித்து எழுதிக் கொடுத்திருந்தார்கள்; மூன்றாவது தடவை வேலை போய்விடும். அன்றைக்குப் பார்த்து அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓடியிருக்கிறான்.

"அட்டை எங்க?" என்றார் அப்பா.

"அப்பா, நான்தான்ப்பா."

"அட்டை எங்கன்னு கேட்டேன்."

"நீதானேப்பா என்னைப் பெத்த? என் மூஞ்சி உனக்குத் தெரியாதா?"

"மூஞ்சிக்கு இங்க கணக்கு இல்ல. அட்டை."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்களாம். அண்ணன் திரும்பி நடந்து வந்து, வேலைச் சாமான் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்ற தங்கச்சியிடம், "வரேண்டி மூக்கி" என்றான். மூக்கி என்று அவளைக் கூப்பிட அவன் ஒருத்தன்தான். எந்தத் தப்பு நடந்தாலும் இவளுக்கு முதலில் மூக்கு வேர்த்துவிடும் என்று சின்னதிலேயே வைத்த பேர். போனவன் போனவன்தான். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அம்மா அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மாவோடு பிறந்தவர்கள் மூன்று பேர். பெரிய மாமா கடல் தாண்டிப் போய் அங்கேயே செத்தார். சின்ன மாமா பாகத் தகராறில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், பிறகு திரும்பவே இல்லை. மிச்சம் பெரியம்மா ஒருத்தி. அண்ணன் இரண்டு நாள் பயணத் தூரத்தில் எங்கேயோ கடை வைத்திருக்கிறான் என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஆனால் அண்ணன் பேச்சை எடுத்தாலே இவள் சிடுசிடுப்பாள்.

"அவன் நம்பர் தரவாடி?"

"எனக்கு எதுக்கு? என் நம்பர் வேணும்னா அவன் கேக்கட்டும்."

"ரெண்டு பேரும் உங்கப்பன் புத்திதான். வாசல்ல நின்னு அட்டை கேக்கறதுக்குன்னே பொறந்திருக்கீங்க."

இரண்டு பேரும் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியம்மாவும் போனாள். அந்த நம்பரும் அவளோடு போயிற்று.

அதற்குள் அப்பாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. தெருமுனையில் போய் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம் மறித்து "அட்டை எங்க?" என்பார். சிலர் சிரித்துக்கொண்டே எதையாவது எடுத்துக் காட்டுவார்கள். ஒருத்தன் பிடித்துத் தள்ளிவிட்டான். அதற்கு மேல் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் இல்லத்தில் இருந்தது நாலு வருஷம்.

அந்த இல்லத்தின் படிவமும் அவள் கம்பெனி செய்து கொடுத்ததுதான். சொந்தக்காரர்கள் அதில் பேர், உறவு, முகவரி எழுதிப் பதிந்துகொண்டால் வாராவாரம் ஈமெயிலில் ஒரு கடிதம் வரும். அதில் மூன்றே வரி: சாப்பாடு, உறக்கம், பார்க்க வந்தவர்கள். அப்படிப் பதியாதவர்களிடம் இல்லத்தார் ஃபோனில்கூட ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அவளுக்கு வந்த கடிதங்களில் மூன்றாவது வரி எப்போதும் ஒன்றுதான். பார்க்க வந்தவர்கள்: மகள்.

ஒவ்வொரு ஞாயிறும் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "என்னைப் பத்தி யாராச்சும் கேட்டாங்களா?"

யாரை மனசில் வைத்துக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்லப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்ப்பா. யாரும் கேக்கல."

அப்பா போய்ப் பதினைந்து மாசம் ஆயிற்று. கடைசிக் காரியத்தை அவளே நின்று முடித்தாள். ஆபீசிலிருந்து நாலு பேர் வந்தார்கள்; மொட்டை அன்றைக்கு ஒரு ஹாஸ்யம்கூடப் பேசவில்லை. எல்லாம் முடிந்து அறைக்கு வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெற்ற அப்பன் நாலு வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்து செத்திருக்கிறார், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எப்படி இருக்கிறார் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லையே. அந்த ஆத்திரம்தான் அவளுக்குத் துணை என்று ஆகிப்போனது. சோறு வடிக்கும்போதும் அது கூட நிற்கும்.

இந்த நிலைமையில்தான் ஆபீசில் பழைய மெஷினை மாற்றப்போகிறோம் என்றார்கள். அதில் குப்பையாகச் சேர்ந்து கிடந்ததையெல்லாம் அழித்துவிடவேண்டுமாம். குப்பையில் ஒன்று, தள்ளுபடிப் பட்டியல். பெட்டிகள் யார் யாரை, என்ன எழுதியதற்காக, எந்தத் தேதியில் வெளியே நிறுத்தின என்று மெஷின் தானாகவே எழுதி வைத்துக்கொள்ளும். வருஷக்கணக்காக அதை ஒருவரும் திறந்தது கிடையாது.

"அழிச்சிடலாமா தப்பக்கா?" என்றார் மொட்டை.

"இருங்க. ஊர்ல ஜனங்க எப்படியெல்லாம் தப்பு பண்றாங்கன்னு பாத்துக்கறேன். எனக்கு எழுதறதுக்கு சரக்கு தீர்ந்துபோச்சு."

காபியைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தாள். அட் குறிக்குப் பதிலாகப் புள்ளியைப் போட்டவர், முகவரிப் பெட்டியில் ஃபோன் நம்பரை எழுதியவர், 'எனக்கு ஈமெயில் கிடையாது, பேரனைக் கேளுங்கள்' என்று எழுதியவர். சிரிப்பாகத்தான் இருந்தது. இல்லத்துப் படிவத்தின் பகுதி வந்தது. பத்துப் பன்னிரண்டு வரி தாண்டியதும் காபியைக் கீழே வைத்தாள்.

யாரைப் பற்றி அறிய வேண்டும் என்ற இடத்தில் அவள் அப்பாவின் பேர். உறவு என்ற இடத்தில், மகன்.

முதல் நாள் காலையில் மூன்று தடவை. அப்புறம் மாசா மாசம், முதல் ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி சுமாருக்கு ஒரு தடவை. விரல் வைத்து எண்ணினாள். முப்பது வரி. பதினைந்து வரி அப்பா உயிரோடு இருந்தபோது. பதினைந்து வரி அப்பா போன பிறகு. கடைசி வரி போன மாசம். அப்பா போனதே அவனுக்குத் தெரியாது. இல்லத்தில் சேர்த்ததையும் இவள் பார்க்கிற வேலையையும் பெரியம்மா சொல்லியிருப்பாள்; அவளும் போன பிறகு இதைச் சொல்வதற்கு யார் இருந்தார்கள்?

முகவரியில் ஒரு பிசகும் இல்லை. அட் குறி இருக்கிறது, புள்ளி இருக்கிறது. புள்ளிக்கு அப்புறம் ரிப்பேர் என்ற இங்கிலீஷ் வார்த்தை, ஆறு எழுத்து. தள்ளிய காரணத்தை மெஷின் பக்கத்திலேயே எழுதியிருந்தது: புள்ளிக்கு அப்புறம் நாலெழுத்துக்கு மேல்.

அந்த விதி அவள் போட்டது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேண்டுமென்றே புள்ளிக்கு அப்புறம் வாய்க்கு வந்ததை நீளமாக எழுதிப் பார்த்தாள். பெட்டி உள்ளே விட்டுவிட்டது. "நாலுக்கு மேல விடக்கூடாது" என்று புகார் எழுதினாள். அப்போது புழக்கத்தில் இருந்த முகவரிகளில் புள்ளிக்கு அப்புறம் வருகிற வால்கள் பெரும்பாலும் இரண்டு எழுத்து, மூன்று எழுத்துதான். அந்த மாசம் நல்ல புகார் எழுதியவள் என்று கூட்டத்தில் கைதட்டி ஒரு கோப்பை கொடுத்தார்கள். இப்போது காபி ஆறிக்கொண்டிருந்தது அந்தக் கோப்பையில்தான். பிற்பாடு நீள நீளமான வால்கள் வந்தன. மற்ற கம்பெனிப் பெட்டிகள் எல்லாம் திருந்திக்கொண்டன. இங்கே யாரும் குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? குறை சொல்லும் படிவத்திலும் அதே பெட்டிதானே உட்கார்ந்திருக்கிறது.

படிவத்தின் கடைசியில் குறிப்பு என்று ஒரு பெட்டி உண்டு. இருபத்தொன்பது வரியில் அது காலி. பதினாறாவது வரியில், அப்பா போய் இரண்டு வாரம் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமையில், எழுதியிருந்தான்:

'மூக்கி, இது உன் கம்பெனி செஞ்ச படிவம்னு கீழேயே போட்டிருக்கு. நீதான் என்னைத் தள்ளறேன்னு தெரியும். பரவாயில்ல. நான் கேட்டேன்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிடு.'

எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். இத்தனை நாள் கூடவே இருந்த ஆத்திரம் எங்கே போயிற்று என்று தேடுகிற மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தாள். அது போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் ஒன்றும் வந்து உட்காரவும் இல்லை.

மொட்டை வந்து எட்டிப் பார்த்தார். "என்ன தப்பக்கா, பேய் அறைஞ்ச மாதிரி?"

சொன்னாள். அவர் நின்றபடியே கேட்டார். பிறகு தலையைத் தடவிக்கொண்டு, "நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். பாதி பாவம் எனக்கு" என்றார். அன்றைக்கே நாலெழுத்து விதியைத் தூக்கி எறிந்தார்.

"இந்த முகவரிக்கு நான் எழுதலாமா?"

"கூடாதுக்கா. தள்ளுபடி ஆன யாருக்கும் கம்பெனியிலேர்ந்து எழுதமாட்டோம்னு இல்லத்துக்குக் கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கோம். வேலை போயிடும்." சொல்லிவிட்டுப் பட்டியலை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "ஆனா இணையப் பக்கம் இருந்தா எழுதச் சொல்ற பக்கத்துப் பெட்டியில இணைப்பு கொடுத்திருக்கார் பாருங்க. அவர் கடையோட இணையப் பக்கம். முதல் ரெண்டு தடவை இணைப்புக்கு முன்னால போட வேண்டிய எச்.டி.டி.பி.யைப் போடாம விட்டிருக்கார், அதையும் தள்ளியிருக்கோம். மூணாவது தடவை முழுசா எழுதியிருக்கார். இணைப்புங்கறது கடை போர்டு மாதிரி. ரோட்ல போறவங்க போர்டைப் படிக்கக் கூடாதுன்னு எந்த ஊர்ல சட்டம் இருக்கு?"

அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை. ஒரே ஒரு படம். ஆள் இல்லை, பிரித்துப் போட்ட மெஷினும் பக்கத்தில் இரண்டு கையும். இடது கட்டைவிரலில் பழைய தழும்பு. அவள் ஏழு வயசில் கதவைச் சாத்தி நசுக்கிய விரல் அது. "வாசல்ல நிக்கறதுக்கு அப்பா, கதவைச் சாத்தறதுக்கு நீ. நல்ல குடும்பம்டி" என்று அழுதுகொண்டே அவன் சொன்னதும் ஞாபகம் வந்தது.

பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு படிவம்: பேர், முகவரி, செய்தி. பதினேழு வருஷப் பழக்கம் விடுமா? தன்னை அறியாமல் முதலில் அட் குறி இரண்டு போட்டுத் தப்பாக ஒன்றை எழுதி அனுப்பினாள். உள்ளே போய்விட்டது. அட் குறியே இல்லாமல் அனுப்பினாள். அதுவும் போயிற்று. வெறும் புள்ளியை அனுப்பினாள். 'நன்றி, வருக' என்றது. அண்ணன் தன் பெட்டிக்குக் காவலே வைக்கவில்லை. யார் வந்து என்ன எழுதினாலும் உள்ளே விட்டது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நாலாவது தடவை ஒழுங்காக எழுதினாள். எழுதி முடிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. 'அண்ணா, நான் மூக்கி. உன்னைத் தள்ளினது பெட்டி. பெட்டிக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான். ஆனா உன்னைன்னு தெரிஞ்சு சொல்லல. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார், யாரும் கேக்கலைன்னு நான் சொன்னேன். அப்பா போய் பதினஞ்சு மாசம் ஆச்சு. நீ கேட்டது அவருக்குத் தெரியாமலே போயிட்டார்.' அடியில் தன் ஃபோன் நம்பரைப் போட்டாள். எண்ணை மூன்று தடவை சரிபார்த்தாள். அனுப்பினாள். நன்றி, வருக.

அவளுக்குத்தான் தெரியுமே, பெட்டி வடிவத்தை மட்டும்தான் பார்க்கும். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா, படித்தாரா, படித்துவிட்டு என்ன நினைத்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு நாள் ஆயிற்று. நாலு நாள் ஆயிற்று. ஃபோனைக் குளியலறைக்கும் எடுத்துப் போனாள். வந்த அழைப்புகள் இரண்டு. இரண்டும் தவறான நம்பர். இரண்டாவது ஆளிடம், "பரவாயில்லை, நீங்க யாரைத் தேடறீங்க?" என்று கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அவர் பயந்து வைத்துவிட்டார்.

மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே ஆபீசுக்குப் போனாள். காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இல்லத்துப் படிவத்துக்கு வருகிற பதிவுகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதே முக்கால். பத்து. பத்தே கால். பதினொன்று. அவன் வரவில்லை. இரண்டேகால் வருஷத்தில் முதல் தடவையாக அண்ணன் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆக, கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. படித்துவிட்டான். இனிமேல் கேட்பதற்கு அவனுக்கும் ஆள் இல்லை. திரையை அணைத்தாள். கோப்பையைக் கழுவித் துடைத்து, என்ன நினைத்தாளோ, அலமாரிக்குள் பின்வரிசையில் வைத்தாள். தெருவில் இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

கதவுப் பூட்டில் சாவியை நுழைக்கும்போது ஃபோன் அடித்தது. இல்லத்து வரவேற்பு மேஜையில் இருக்கிற அம்மா. அப்பா இருந்த காலத்தில் பழக்கம்.

"நல்லா இருக்கியாம்மா? ஞாயித்துக்கிழமையில தொந்தரவு பண்றேன். படிவத்துல இப்பத்தான் ஒண்ணு வந்து விழுந்திருக்கு, ஒண்ணும் புரியல. நீங்க ஆபீஸ்லேர்ந்து சோதனைக்கு எழுதிப் பாக்கறதா?"

"இல்லையேம்மா. என்ன எழுதியிருக்கு?"

"யாரைப் பத்தித் தெரியணும்ங்கற இடத்துல மூக்கின்னு இருக்கு. அப்படி ஒரு பேர்ல எங்ககிட்ட யாரும் தங்கலையே. உறவு, அண்ணன். முகவரி என்னமோ ரிப்பேர்னு முடியுது. விளையாட்டுக்கு எழுதின மாதிரிதான் இருக்கு. அழிச்சிடட்டுமா?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவி பூட்டிலேயே இருந்தது.

"ஏம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அழிக்காதீங்கம்மா. அது சரியான பதிவுதான்."

"சரின்னா வாராவாரம் கடிதம் போகணுமே. இல்லாத ஆளுக்கு நான் என்னன்னு எழுதறது?"

"நான் எழுதி அனுப்பறேன். நீங்க அப்படியே சேர்த்துவிட்டா போதும்."

உள்ளே போனாள். ஜன்னலைத் திறந்தாள், எதிர்வீட்டுச் சுவரில் வெயில் விழுந்திருந்தது. மேஜையில் உட்கார்ந்து, நாலு வருஷம் தனக்கு வந்துகொண்டிருந்த அதே மூன்று வரியை வரிசையாக எழுதினாள்.

சாப்பாடு: பரவாயில்லை. ஒரு ஆளுக்குச் சமைப்பதால் அளவு சரியாக வருவதில்லை.

உறக்கம்: இந்த வாரம் குறைவு.

பார்க்க வந்தவர்கள் என்று எழுதியதும் கை நின்றது. வேறு என்னென்னவோ எழுதலாம் என்று யோசித்தாள். ஞாயிறு தோறும் அப்பாவிடம் பொய் சொல்லாமலே பொய் சொன்னவள் அவள். இதில் உள்ளதைத்தான் எழுத வேண்டும்.

இதுவரை யாரும் இல்லை, என்று எழுதினாள். அதற்கு அடியில், படிவத்தில் இல்லாத நாலாவது வரியாக, தன் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து ஆரம்பித்து முழுசாக எழுதினாள்.